எண்பத்து மூன்று வீடுகளின் வாக்குமூலம்

ஆலாத்திட்டில் வீடுகள் பேசத் தொடங்கியது புரட்டாசி மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அரசாங்கம் கொடுத்திருந்த டேப்லெட் கணினியில் ஒவ்வொரு பதிலும் எத்தனை மணிக்கு வந்தது என்று தானாகவே பதிவாகிற வசதி இருந்ததுதான். அந்தப் பதில் யார் வாயிலிருந்து வந்தது என்று பதிவாகிற வசதி மட்டும் இல்லை.

அந்த டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அன்று ஆலாத்திட்டுக்குள் நுழைந்தவள் வனரோஜா டீச்சர். பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப்பள்ளியில் கணக்கு எடுப்பவள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவள் வாக்காளர்களை எண்ணியிருக்கிறாள், மாடுகளை எண்ணியிருக்கிறாள், கழிப்பறைகளை எண்ணியிருக்கிறாள், ஒரு முறை பனைமரங்களைக்கூட எண்ணியிருக்கிறாள். கணக்கு டீச்சர் என்றால் எதையும் எண்ணக்கூடியவள் என்று அரசாங்கம் மனப்பூர்வமாக நம்பியது, நடுவில் நேரம் கிடைத்தால் பாடமும் நடத்திக்கொள்ளலாம் என்பதற்கு அது ஒருபோதும் தடை சொன்னதில்லை. இந்த முறை எண்ண வேண்டியது வீடுகளை. தேசிய வாழிட விவரத் தொகுப்பு என்று அதற்குப் பெயர், மொத்தம் ஐம்பத்தெட்டு கேள்விகள். நாட்டில் யார் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் யாருக்கு என்ன செய்வது என்று கொள்கை வகுக்க முடியும் என்று பயிற்சி வகுப்பில் விளக்கினார்கள். விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பயிற்சி மண்டபம் மூன்று இடத்தில் ஒழுகியது, பயிற்சியாளர் நகர்ந்து நகர்ந்து நின்று விளக்கினார்.

ஆலாத்திட்டில் எண்பத்து மூன்று வீடுகள். பேரலை வந்து குடிசைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, மீன்பிடிக்கிற சனங்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி வரிசையாக, ஒரே காண்டிராக்டர், ஒரே வரைபடம், ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. முதல் வீடு ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இடும்பனுடையது, ஊரிலேயே தரைக்கு டைல்ஸ் போட்ட ஒரே வீடு. வனரோஜா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஐந்து வரை கேட்டாள், இடும்பன் மீசையைத் தடவிக்கொண்டே ஒன்றிலிருந்து ஐந்து வரை சொன்னார். ஆறாவது கேள்வி, இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது.

"ஆறு பேரு, எழுதிக்குங்க" என்றார் இடும்பன்.

"நாலு" என்றது சுவர். "ரெண்டு பேரு துபாய்க்குப் போயி அஞ்சு வருசமாச்சு. ஆறுங்குறது ரேசன் கடைக்கு."

ஈரச் சிமெண்டைக் கரண்டியால் இழுப்பது போல ஒரு கரகரத்த குரல். இடும்பன் திரும்பிச் சுவரை முறைத்தார். "ஒன்னையக் கேட்டாங்களா?"

"'இந்த வீட்டில்'னுதானே கேட்டாங்க" என்றது சுவர். "இந்த வீடு நான்தானே."

கடைசி பெஞ்சிலிருந்து கேட்காமலே பதில் சொல்கிற குரல்கள் வனரோஜாவுக்குப் பழக்கம் என்பதால் அவள் திடுக்கிடவெல்லாம் இல்லை. அவளுடைய கவலை, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதாகத்தான் இருந்தது. 'பதிலளித்தவர்' என்ற இடத்தில் குடும்பத் தலைவர், துணைவர், பிற என்று மூன்று இருந்தன. அவள் 'பிற' என்பதைத் தொட்டாள், நாலு என்று போட்டாள், டேப் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏழாவது கேள்விக்குப் போனது. அப்படித்தான் அது நடந்தது.

மதியம் கஞ்சி குடிக்கிற நேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை, இருபது வருஷமாக நம்முடைய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றது, ஒருநாள் வாயைத் திறக்காமலா போகும் என்றார்கள், அவர்களைக் கலக்கியதெல்லாம் இருபது வருஷமாக அது என்னென்ன கேட்டிருக்கும் என்பதுதான். ஆனால் வீடுகள் அலட்டிக்கொள்ளவில்லை. ஏதேதோ கேட்டுப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள், கற்பூரம் காட்டிப் பார்த்தார்கள், ஒரு வீடும் மூச்சு விடவில்லை. பதினேழாம் வீட்டு பூமயில்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள். அன்னக்கூடையில் மீன் சுமந்து ஏழு ஊருக்கு விற்கப் போகிறவள், வாடிக்கைக்காரர்களின் பேச்சு வகையெல்லாம் அறிந்தவள்; அவள் இடுப்பில் கைவைத்து நின்று, டீச்சர் கேட்கிற அதே ராகத்தில், "கேள்வி எண் ஒன்று: என் கம்மல் ஒத்தைய எங்க?" என்றாள். "அரிசி டிரம்முக்குப் பின்னால" என்றது வீடு. எண் போட்டுக் கேட்டால்தான் பதில். அரசாங்கம் கட்டிய வீடல்லவா, முறைப்படி கேட்காத எதையும் அது காதில் போட்டுக்கொள்ளாது.

அதன்பிறகு ஆலாத்திட்டு முழுவதும் ஆளாளுக்குக் கணக்கெடுப்பாளர் ஆனார்கள். பெண்டாட்டிமார்கள் கேள்வி எண் போட்டுப் புருஷன்மாருடைய சாராய பாட்டில் இருக்கிற இடத்தைக் கேட்டார்கள், புருஷன்மார்கள் அதற்கு முன்னாலேயே இடத்தை மாற்றிவிட்டு, மாற்றியதை வீடு பார்த்துவிட்டதே என்று தலையில் கைவைத்தார்கள். பிள்ளைகள் நோட்டைத் திறந்து சுவருக்கு நேராகக் காட்டி, வீட்டுப்பாடம் என்றால் வீடுதானே செய்ய வேண்டும் என்று வாதாடினார்கள், வீடுகளுக்கு அந்த வாதத்தில் தப்பு தெரியாததால் ஒரு வாரம் எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டுவந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணிடம் ஒன்றும் கேட்காமல், பெட்டியிலிருந்து பதினைந்து கேள்விகள் எழுதிய தாளை எடுத்து வீட்டிடம் படித்தார்கள். அடுத்த வாரம் பெண் வீட்டார் ஒரு வேன் பிடித்து மாப்பிள்ளை ஊருக்குப் போய் அங்கே அதையே செய்து பார்த்தார்கள், அந்த வீடு ஊமை, அதற்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்தார்கள். நாற்பதாம் வீட்டுக்கும் நாற்பத்தொன்றாம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அது யாருடைய ரகசியத்தை யாரிடம் சொல்லலாம் என்று இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. பஞ்சாயத்து நடந்த இடம் இடும்பனின் வீடு என்பதால், வந்திருந்தவர்களில் யார் யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்பதை வீடே நினைவில் வைத்துக்கொண்டது, ஊர்ச் சரித்திரத்தில் அந்த ஒரு தீர்மானத்தைத்தான் பிறகு யாராலும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

இத்தனை கூத்துக்கு நடுவில் வனரோஜா தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நாலைந்து வீடு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் முப்பத்தொன்றாவது கேள்வியில் வண்டி நின்றது. வீட்டின் நிலை: ஒன்று, நன்று; இரண்டு, வாழத்தக்கது; மூன்று, பாழடைந்தது. ஒவ்வொரு வீடும் ஒரே பதிலைச் சொன்னது.

"மூணு."

அவள் மூன்றைத் தொட்டால் டேப் சிவப்பாக மாறும். 'பிழை. அரசு கட்டிய காங்கிரீட் வீடு முப்பது ஆண்டுகளுக்குள் பாழடைய இயலாது' என்று எழுத்து வரும். அவள் முதல் வீட்டில் மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, தாலுகா மேற்பார்வையாளர் நீலமேகத்துக்குப் போன் போட்டாள். நீலமேகம் நல்ல மனிதர், யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்காதவர், அதற்கு வேண்டிய நேரம் அவருக்கு இருந்ததில்லை.

"சார், வீடு பாழடைஞ்சதுன்னு சொல்லுது சார்."

"ஒண்ணு போட்டுட்டு மேல போங்க டீச்சர்."

"தளத்துல கம்பி தெரியுது சார். காரை கையோட வருது."

"டீச்சர், மூணு போடற வழி ஆப்லயே இல்லைன்னா அப்படி ஒரு வீடு நாட்டுலயே இல்லைன்னு அர்த்தம். ஒண்ணு போடுங்க. நம்ம தாலுகா இன்னும் நாப்பத்திரண்டு பர்சென்ட்லயே நிக்குது."

அவள் ஒன்று போட்டாள். அப்படிப் பதினாறு வீடுகளுக்கு ஒன்று போட்டாள், போடும்போதெல்லாம் அந்தந்த வீடு முப்பத்திரண்டாவது கேள்விக்கு முன்னைவிட மெதுவான குரலில் பதில் சொன்னது, அந்த மெதுவான குரலை அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது வீட்டில், பூமயிலின் மகள் மலர்க்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்து பெற்றெடுத்த நாற்பது நாள் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூளி தொங்கியது தளத்துக் கொக்கியில். கொக்கியைச் சுற்றி ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் மீன் எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன.

முப்பத்தொன்றுக்கு வீடு சொன்னது, "மூணு."

வனரோஜாவின் விரல் ஒன்றுக்கு மேலே போய் நின்றது. குழந்தை தூக்கத்தில் எதற்கோ சிரித்தது. அவள் விரலை எடுத்துவிட்டு, பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு காரியத்தைச் செய்தாள்: படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தானே உண்டாக்கினாள்.

"கேள்வி எண் முப்பத்தொன்று அ. இன்னும் எத்தனை நாள் நிப்பே?"

"ஐப்பசி இருபத்தெட்டு, காலை பத்து மணி வரைக்கும்" என்றது வீடு, பால்காரர் வருகிற நேரத்தைச் சொல்வது போல.

"முப்பத்தொன்று ஆ. ஏன்?"

"ஆத்து மணல்னு எழுதிட்டுக் கடல் மணலைக் கொட்டுனாங்க டீச்சரம்மா. உப்பு கம்பியத் தின்னுக்கிட்டே இருக்கு. இருவது வருசமாத் தின்னு, இப்பக் கடைசி வாய்."

பூமயில் எழுந்து, தூங்குகிற குழந்தையைத் தூளியோடு சேர்த்து அள்ளி மகள் மடியில் வைத்தாள். வனரோஜா ஓடாத குறையாகப் பதினாறாம் வீட்டுக்குப் போனாள், பதினைந்துக்குப் போனாள், எதிர்வரிசைக்குப் போனாள், பொழுது சாய்வதற்குள் எண்பத்து மூன்று வீட்டிலும் முப்பத்தொன்று அ-வைக் கேட்டுவிட்டாள். எண்பத்து மூன்றும் ஒரே நாளைச் சொன்னது, ஒரே மணியைச் சொன்னது. ஒரே காண்டிராக்டர், ஒரே மணல், ஒரே நாள்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. முடித்த படிவம், முடிக்காத படிவம் என்று பார்க்காமல் எண்பத்து மூன்றிலும் அவள் ஐப்பசி 28 என்று எழுதி அனுப்பினாள். குறிப்புகளை யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரே குறிப்பு எண்பத்து மூன்று தடவை வந்தால் கம்ப்யூட்டர் சந்தேகப்படும் என்பது நீலமேகத்துக்கும் தெரியாது. அடுத்த வாரம் சென்னையிலிருந்து இணை இயக்குநர் ஒருவர் நேரடி ஆய்வுக்கு வந்தார்.

ஊரே குளித்து விபூதி பூசி நின்றது. மனிதர்கள் சொன்னால் நம்பமாட்டார், வீடுகளே சொல்லட்டும் என்று இடும்பன் முடிவு செய்திருந்தார், அவருக்கும் அந்தத் தேதியைக் கேட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, ஆனால் அதை வெளியில் காட்டவில்லை. இணை இயக்குநர் பூமயிலின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். சால்வையை வாங்கிக்கொண்டார், இளநீரை வாங்கிக்கொண்டார், தளத்தை அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். ஒரு கேள்வி போதும், எண் போட்ட ஒரே ஒரு கேள்வி, எண்பத்து மூன்று வீடும் ஒன்றாகச் சொல்லிவிடும். அவர் தொண்டையைச் செருமினார். இந்தத் தொகுப்பு நாட்டின் எதிர்காலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னார், மீனவ மக்களின் உழைப்பைப் பாராட்டினார், வீட்டை நாம் பராமரித்தால் வீடு நம்மைப் பராமரிக்கும் என்றார், தளத்திலிருந்து தோளில் விழுந்த காரையைத் தட்டிவிட்டுக்கொண்டே கடல் காற்று உடம்புக்கு நல்லது என்றும் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். கார் கிளம்பியது. ஒன்றரை மணி நேரம் இருந்தார், அதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"கேக்கவே இல்லையே டீச்சர்" என்றாள் பூமயில், தூசி அடங்கிய பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு. "விலை கேக்காம மீன் கூடையப் பாத்துட்டுப் போற ஆளு மாதிரில்ல போறாரு."

அன்று சாயங்காலம் வனரோஜா பள்ளிக்கூடத்து மைதானத்தில் தனியாக உட்கார்ந்து டேப்போடு மல்லுக்கட்டினாள். சுவரை மாற்றிப் பார்த்தாள், தரையை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் கூரை என்ற இடத்தில் காங்கிரீட்டை எடுத்துவிட்டு ஓலை என்று தொட்டு, பிறகு முப்பத்தொன்றில் மூன்றைத் தொட்டாள். டேப் பச்சையாக மாறியது. ஓலைக் குடிசை பாழடையலாம், அதற்கு அரசாங்கத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஒரு உண்மையை உள்ளே நுழைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பொய்யை நுழைக்க வேண்டியிருந்தது. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை தப்பென்றால் பாதி மார்க்கை வெட்டுகிறவள் அவள், பத்தொன்பது வருஷமாக அதில் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. தவறான தகவல் பதிவு செய்தால் துறை நடவடிக்கை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அவள் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்பு கீழே விழுந்து படுத்த படுக்கையானதிலிருந்து அவள் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு. எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, மறுநாள் அவள் முதலில் போனது பூமயிலிடம்.

"பூமயிலக்கா, உங்க வீட்ட ஓலைக் குடிசைன்னு எழுதப் போறேன். ஊர் மொத்தத்தையும் அப்படித்தான் எழுதப் போறேன்."

பூமயில் கூடையைக் கீழே வைத்தாள். "என்னா டீச்சர் சொல்றீங்க? குடிசைய அலைக்குக் குடுத்துட்டு, ரெண்டு வருசம் தகரக் கொட்டாயில வெந்து, காங்கிரீட்டு வீட்டுக்காரின்னு ஒரு பேரு எடுத்தோம். அதச் சொல்லித்தான் எம் மவளக் கட்டிக்குடுத்தேன். இப்ப ஒரே எழுத்துல என்னையக் குடிசைக்காரி ஆக்குறீங்களா?"

"வேற வழி தெரியலக்கா. குடிசைன்னு எழுதினாதான் இடியும்னு எழுத விடுது."

பூமயில் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிறகு, "கேள்வி எண் ஒன்று" என்றாள். "ஒன்னையக் குடிசைன்னு எழுதுனா ஒனக்குக் கோவம் வருமா?"

"இல்லை" என்றது வீடு, ஆம் என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு என்ற படிவத்து முறைப்படி. "குறியீடு இரண்டு."

அப்படியாக எண்பத்து மூன்று காங்கிரீட் வீடுகள் இரண்டே நாளில் ஓலைக் குடிசைகள் ஆயின. அதில் முதல் பதினாறைத் திருத்துவதற்கு மட்டும் அவள் பதினாறு தடவை நீலமேகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அவர் என்ன திருத்தம் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் அனுமதித்தார், தாலுகா அறுபது பர்சென்டைத் தாண்டிய சந்தோஷத்தில் இருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை அரசாங்கத்தின் அக்கறை என்று சொல்வோரும் உண்டு. மாவட்டக் கிடங்கொன்றில் மழைக்காலக் குடிசைகளுக்கென்று வாங்கிய தார்ப்பாய்கள் போன வருஷத்திலிருந்து மட்கிக்கொண்டிருந்தன, தணிக்கைக்காரர்கள் வருவதற்குள் அவற்றை யாருக்காவது கொடுத்தாக வேண்டும், பாழடைந்த குடிசைகள் எங்கே என்று கம்ப்யூட்டரில் தேடினால் ஒரே ஊரில் எண்பத்து மூன்று அழகாக வரிசையில் வந்தன. ஐப்பசி பத்தாம் தேதி லாரி வந்துவிட்டது. எண்பத்து மூன்று நீலத் தார்ப்பாய், வீட்டுக்கு ஆறு சவுக்குக் கழி, ஒரு கட்டு கயிறு. வண்டியோடு வந்த எழுத்தர் காங்கிரீட் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "குடிசை எங்கம்மா?" என்று கேட்டார். "உள்ள இருக்கு" என்றாள் பூமயில். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு மேற்கே, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்து மேட்டில் கழிகள் நடப்பட்டன. நடும்போது ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள், காங்கிரீட் வீடு இருக்கும்போது தார்ப்பாய்க்குப் போகிற முதல் சனம் நாமதான் என்று சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே டிவியைக் கழற்றினார்கள், பீரோவைத் தூக்கினார்கள், சாமி படங்களைத் துணியில் சுற்றினார்கள். வீடுகள் தாங்களாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும், எந்த ஆணி வரும், எந்த ஆணியை இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தன.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் பூமயில் காலியான வீட்டைக் கடைசியாகப் பெருக்கிக் கழுவினாள். இடியப் போகிற வீட்டை எதற்குக் கழுவுகிறாய் என்று மகள் கேட்டதற்கு, அழுக்கோடயா அனுப்புறது என்றாள். வனரோஜா வாசலில் நின்றிருந்தாள். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, பூமயில் சுவரில் உள்ளங்கையை வைத்து, "கேள்வி எண் ஐம்பத்தொன்பது" என்றாள். படிவத்தில் ஐம்பத்தெட்டோடு முடிந்துவிடும் என்பது அந்த ஊரில் இப்போது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "ஒனக்கு வலிக்குதா?"

வீடு ஏதோ தேடுவது போல இருந்தது. கடைசியில், "இதுக்குக் குறியீடு குடுக்கல ஆத்தா" என்றது.

பூமயில் அந்தச் சுவரிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். வனரோஜா வாசலிலிருந்து திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

இருபத்தெட்டாம் தேதி ஒரு வார மழைக்குப் பிறகு பளீரென்று வெயில் அடித்தது. ஒன்பதரை மணிக்கு மொத்த ஊரும் மேட்டில் நின்றபோது ஒரு ஆள் மட்டும் குறைந்தார். இடும்பன் தன் வீட்டு டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வனரோஜா ஓடினாள்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. இன்னும் அரை மணி நேரம்தான்."

"நீதானம்மா முதல்ல எழுதுன, இந்த வீடு நல்லா இருக்குன்னு? நான் பாத்தேன், ஒண்ணுன்னு போட்ட. கவுருமெண்டு எழுதுனா எழுதுனதுதான். இந்த டைல்ஸ நான் ஒவ்வொண்ணா என் கையால ஒட்டுனேன்."

"தப்பா எழுதிட்டேன் அண்ணாச்சி. என் தப்புதான்." அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் எழுதுனதுக்காக நீங்க சாக வேண்டாம்."

அவர் அசையவில்லை. அப்போதுதான் ஆலாத்திட்டில் ஒரு வீடு முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் கேள்வி கேட்டது.

"கேள்வி எண் ஒன்று" என்றது சுவர். "குடும்பத் தலைவர் பெயர்?"

இடும்பன் நிமிர்ந்தார். இருபது வருஷமாகப் பஞ்சாயத்தில் கேள்வி கேட்டே பழகியவர், கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற முறை தெரிந்தவர். "இடும்பன்" என்றார்.

"கேள்வி எண் இரண்டு. பத்து மணிக்கு மேல் இந்த வீட்டில் இருக்கப் போறவங்க எத்தனை பேர்?"

"ஒருத்தன்."

"தப்பு. திரும்பச் சொல்லுங்க."

"ஒருத்தன்தான்யா!"

"பிழை" என்றது வீடு. "நான் நாலுன்னு சொன்னப்ப நீங்க ஆறுன்னு சொன்ன ஆளு. ஒங்க கணக்கை நான் ஏத்துக்க மாட்டேன். பூஜ்யம்னு சொல்ற வரைக்கும் இதே கேள்விதான். கேள்வி எண் இரண்டு."

பதினோரு தடவை அது கேட்டது. பன்னிரண்டாவது தடவை இடும்பன், "பூஜ்யம்டா, பூஜ்யம், எழுதிக்க!" என்று கத்திக்கொண்டு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வனரோஜாவின் தோளைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

பத்து மணிக்கு வீடுகள் விழுந்தன. ஆரவாரம் ஒன்றுமில்லை. அரசாங்கம் கதவில் எழுதிய எண் வரிசைப்படி, ஒன்று முதலில், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று, பந்தியில் சாப்பிட உட்காருவது போல அடுத்தடுத்து உட்கார்ந்தன. எண்பத்து மூன்று விழுந்து முடிந்தபோது மஞ்சள் தூசி மேட்டில் நின்றவர்கள் முகத்தில் படிந்திருந்தது. ஒரு கோழிக்குக்கூட அடி இல்லை.

நாலாம் நாள் வனரோஜாவைத் தேடி விசாரணை அதிகாரி வந்தார், கையில் மெமோவோடு. அரசு கட்டிய காங்கிரீட் குடியிருப்பை வேண்டுமென்றே ஓலைக் குடிசைகள் என்று பதிவு செய்து தேசியப் புள்ளிவிவரத்தைச் சீர்குலைத்தது ஏன் என்று அதில் இருந்தது. நேரில் பார்க்காமல் முடிவு செய்யமாட்டேன் என்கிற கறாரான அதிகாரி. அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆலாத்திட்டுக்கு வந்தார். மேட்டில் எண்பத்து மூன்று தார்ப்பாய்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார், இரண்டாம் முறையும் எண்ணினார்.

"சரியா இருக்கே" என்றார்.

"இல்ல சார்" என்றாள் வனரோஜா. "நான் எழுதும்போது இவங்க காங்கிரீட் வீட்டுலதான் இருந்தாங்க. அதோ, இடிஞ்சு கிடக்கு பாருங்க. கடல் மணல் சார். அதை எழுதுங்க."

அதிகாரி இடிபாட்டுப் பக்கம் திரும்பவில்லை. "டீச்சர், தப்பா இருக்கறதத் திருத்தலாம். சரியா இருக்கறதத் திருத்தினா அதுதான் குற்றம். பதிவுப்படி இங்க காங்கிரீட் வீடே இருந்ததில்லை, இல்லாத வீடு எப்படி இடியும்?" மெமோவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம், களநிலவரத்தோடு நூறு சதவீதம் பொருந்திய மாநிலத்தின் ஒரே பதிவு என்று வனரோஜாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. தலைமையாசிரியர் அதைக் காலை வணக்கக் கூட்டத்தில் படித்தபோது அவள் தரையைப் பார்த்து நின்றாள்.

தை பிறந்ததும், குடிசைவாழ் மீனவர்களுக்கான புதிய திட்டத்தில் ஆலாத்திட்டுக்கு எண்பத்து மூன்று காங்கிரீட் வீடுகள் அனுமதிக்கப்பட்டன. புள்ளிவிவரம் கொள்கைக்கு வழிகாட்டிவிட்டது. கட்டுகிற காண்டிராக்டரின் பெயர் பலகையில் எழுதியிருந்தது, பழைய பலகையிலும் அதே பெயர்தான் இருந்தது, இப்போது கூடவே மகனின் பெயரும் சேர்ந்திருந்தது.

அஸ்திவாரம் தோண்டிய அன்று வனரோஜா பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்தாள், அந்தச் சர்வீஸில் அவள் எடுத்த முதல் நீண்ட விடுப்பு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கலவை மிஷினுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். காண்டிராக்டரின் மகன் வந்து, "யாரும்மா நீங்க, எந்த டிபார்ட்மெண்டு, ஆர்டர் இருக்கா?" என்று கேட்டான். அவளிடம் ஆர்டர் எதுவும் இல்லை, டேப்பையும் எப்போதோ திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூமயிலும் மற்ற பெண்களும் வேலைக்குப் போகாமல் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள், இடும்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

முதல் மணல் லாரி வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. வனரோஜா எழுந்து போய், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். "திருப்பி எடுத்துட்டுப் போங்க."

டிரைவர் காண்டிராக்டரின் மகனைப் பார்த்தான், மகன் பெண்களைப் பார்த்தான், லாரி பின்வாங்கியது. மறுநாள் இரண்டாவது லாரி வந்தது. அதுவும் உப்பு. வாய் கொப்பளிக்க பூமயில் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவது லாரி மணலை வாயில் போட்டவள், கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"மணலு" என்றாள் வனரோஜா. "வெறும் ஆத்து மணலு. கொட்டச் சொல்லுங்க."